டேட்டாபேஸ் கனெக்ட் ஆகலையா? பாஸ்வேர்ட மாத்தறதுக்கு முன்னாடி எர்ரர படிங்க

டேட்டாபேஸ் கனெக்ட் ஆகலன்னா பெரும்பாலும் நாம பண்ற மொத வேலை சர்வீஸ ரீஸ்டார்ட் பண்றது, அதுல சரியாகலன்னா பாஸ்வேர்ட மாத்தறது, அப்புறம் ஃபயர்வால ஆஃப் பண்ணி பாக்கறது, கடைசியில மொத்தமா தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்றது. இது ஒவ்வொண்ணும் வேற வேற நோய்க்கான மருந்து. என்ன நோய்னு பாக்காம எல்லாத்தையும் வரிசையா குடுத்தா மொத பிரச்சனை என்னன்னே மறந்து போயிடும், நாமளா கெளப்பிவிட்ட ரெண்டு மூணு பிரச்சனையும் கூட சேந்துக்கும்.

எனக்கு இது ஒரு ராத்திரில புரிஞ்சுது. ஒரு கடையோட பில்லிங் சர்வர், ராத்திரி கடை மூடற நேரத்துல கனெக்ட் ஆகலன்னு போன் வந்துச்சு. நான் எர்ரர சரியா படிக்காம சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணேன், அது நின்னுச்சு, திரும்ப எழுந்திரிக்கவே இல்ல. கான்ஃபிக் ஃபைல மாத்தினேன், பர்மிஷன மாத்தினேன், ரீஇன்ஸ்டால் பண்ணலாம்னு கமாண்ட் கூட அடிச்சுட்டேன், அது டேட்டாபேஸையும் சேத்து அழிக்கவான்னு கேட்டப்பதான் கை நின்னுச்சு. அப்புறம் எர்ரர் லாக தொறந்து பாத்தா டிஸ்க்ல இடம் இல்லன்னு தெளிவா எழுதிருந்துச்சு, அவ்ளோதான். மைஎஸ்க்யூஎல் 8.0ங்கற டேட்டாபேஸ்ல பைனரி லாக் (டேட்டால நடக்கற மாத்தத்தையெல்லாம் எழுதி வைக்கற ஃபைல்) தானாவே ஆன்ல இருக்கும், 30 நாள் வரைக்கும் சேத்து வைக்கும், அதுதான் டிஸ்க ரொப்பிருந்துச்சு. அந்த கடைக்காரரோட மொத்த கணக்கும் அந்த சர்வர்லதான் இருந்துச்சு, அன்னிக்கு நான் யெஸ் அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் வயித்த பிசையுது. அதான் இத இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் மைஎஸ்க்யூஎல்ல வச்சு சொல்றேன், லினக்ஸ் சர்வர்ல ஓடறது. அதுலேந்து பிரிஞ்ச மரியாடிபிக்கும் பெரும்பாலும் பொருந்தும். போஸ்ட்கிரெஸ்ங்கற இன்னொரு டேட்டாபேஸ் வித்தியாசப்படற இடத்த பின்னாடி தனியா சொல்றேன்.

உங்களுக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நம்ம ரிக்வெஸ்ட் எது வரைக்கும் போச்சு? பேர வச்சு ஐபி (மெஷினோட நெட்வொர்க் அட்ரஸ்) கெடச்சுதா, அந்த மெஷின் வரைக்கும் போச்சா, அங்க 3306 போர்ட்ல (மைஎஸ்க்யூஎல் காத்திருக்கற கதவு நம்பர்) யாராவது ஒக்காந்திருந்தாங்களா, இருந்தவங்க நம்மள உள்ள விட்டாங்களா. போன் பண்ற மாதிரி நெனச்சுக்கோங்க. நம்பரே தப்புன்னா ஒரு குரல் வரும், ரிங் போயிட்டே இருந்து யாரும் எடுக்கலன்னா அது வேற, மொத ரிங்லயே கட் பண்ணா அது வேற, எடுத்து பேசி நீங்க யாருன்னே தெரியாதுங்கன்னு சொன்னா அது முழுக்க வேற. எர்ரர் வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுங்கறத வச்சே பாதி கண்டுபிடிச்சிடலாம், இத யாரும் கவனிக்கறதில்ல. என்டர் தட்டின உடனே எர்ரர் வந்துச்சுன்னா யாரோ ஒருத்தர் பதில் சொல்லிருக்காங்கன்னு அர்த்தம். ரொம்ப நேரம் தொங்கிட்டு இருந்து வந்துச்சுன்னா நாம அனுப்பின பாக்கெட்டுக்கு பதிலே வரல, லினக்ஸ்ல டைம்அவுட் எதுவும் வைக்காம விட்டா 2 நிமிஷத்துக்கு மேல கூட தொங்கும்.

இப்ப எர்ரர் நம்பருக்கு வருவோம். 2005 வந்தா ஹோஸ்ட் பேருக்கு ஐபியே கெடைக்கல, ஸ்பெல்லிங் பாருங்க, டிஎன்எஸ் (பேர ஐபியா மாத்தி குடுக்கறது) பாருங்க, கான்ஃபிக்ல பேருக்கு பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டிட்டு வந்திருக்கான்னும் பாருங்க, காப்பி பேஸ்ட்ல இது நெறைய நடக்கும். 2003 வந்தா நெட்வொர்க் வழியா போக பாத்து சர்வர பிடிக்க முடியல. அதோட கடைசியில ஒரு சின்ன நம்பர் இருக்கும், அதுதான் முக்கியம், அத விட்டுட்டு கூகுள் பண்ணாதீங்க. 111 இருந்தா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு, அதாவது மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்த போர்ட்ல யாரும் இல்ல. 110 இருந்தா டைம்டு அவுட். விண்டோஸ்ல இதே ரெண்டும் 10061, 10060னு வரும்.

2002 வந்தா கதை வேற, சாக்கெட் ஃபைல் (ஒரே மெஷின்ல இருக்கற ரெண்டு புரோகிராம் பேசிக்கற ஃபைல்) வழியா போக பாத்திருக்கு. இங்கதான் பாதி பேர் மாட்டறாங்க. லினக்ஸ்ல மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்கிட்ட ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட்னு சொன்னா அது நெட்வொர்க் பக்கமே போகாது, அதே மெஷின்ல இருக்கற சாக்கெட் ஃபைல தேடும். 127.0.0.1னு சொன்னாதான் 3306 போர்ட்டுக்கு போகும். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நாம நெனப்போம், மைஎஸ்க்யூஎல்லுக்கு அது ரெண்டு வேற வழி. அதனால ஒண்ணு வேல செஞ்சு இன்னொண்ணு வேல செய்யலன்னா அதுவே ஒரு துப்பு. 2002க்கு பின்னாடி 2ன்னு இருந்தா சாக்கெட் ஃபைலே அங்க இல்ல, சர்வர் ஓடலயோ இல்ல வேற எடத்துல ஃபைல வச்சிருக்கோ. 13ன்னு இருந்தா ஃபைல் இருக்கு, தொட பர்மிஷன் இல்ல. பிஎச்பில எழுதறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அதுல நெட்வொர்க் வழியா போய் ரெஃப்யூஸ் ஆனாலும் 2002ன்னுதான் காட்டும், அதனால நம்பர மட்டும் பாக்காம பக்கத்துல இருக்கற வாக்கியத்தையும் படிங்க. ரெஃப்யூஸ்டுன்னு இருந்தா போர்ட் பிரச்சனை, நோ சச் ஃபைல்னு இருந்தா சாக்கெட் பிரச்சனை.

நோட்ஜேஎஸ் ஆளுங்களுக்கு இதுல தனியா ஒரு தலவலி இருக்கு. 2021ல வந்த நோட் 17லேந்து 19 வரைக்கும் லோக்கல்ஹோஸ்ட்க்கு சிஸ்டம் எந்த அட்ரஸ மொதல்ல குடுக்குதோ அத மட்டும்தான் எடுத்துக்கும், பல மெஷின்ல அது ஐபிவி6 அட்ரஸா இருக்கும், சர்வர் 127.0.0.1ல மட்டும் ஒக்காந்திருக்கும், அதனால நேத்து வரைக்கும் ஓடினது நோட் வெர்ஷன் மாத்தின அன்னிக்கு ரெஃப்யூஸ் ஆகும். கான்ஃபிக்ல 127.0.0.1னு எழுதிட்டா முடிஞ்சுது.

ரெஃப்யூஸ் ஆச்சுன்னா நேரா டேட்டாபேஸ் இருக்கற மெஷினுக்குள்ள போங்க. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டு ஓடுதான்னு பாருங்க. ஓடலன்னா உடனே ஸ்டார்ட் அடிக்காதீங்க, ஏன் நின்னுச்சுன்னு எர்ரர் லாக்ல கடைசி அம்பது வரி படிங்க, உபுண்டுல அது வார் லாக் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டர்ல இருக்கும். டிஎஃப் கமாண்ட் போட்டு டிஸ்க்ல இடம் பாருங்க. டிமெசேஜ் கமாண்ட்ல (லினக்ஸ் கெர்னலோட குறிப்ப காட்டும்) அவுட் ஆஃப் மெமரின்னு இருக்கான்னு பாருங்க, 1 ஜிபி ரேம் வச்சிருக்கற சின்ன கிளவுட் மெஷின்ல இது ரொம்ப சகஜம், ரேம் தீந்து போச்சுன்னா கெர்னல் நெறைய சாப்பிடறவன தேடி பிடிச்சு கொல்லும், அது அனேகமா மைஎஸ்க்யூஎல்லாத்தான் இருக்கும். டிஸ்க் ரொம்பினது பைனரி லாக்னாலன்னா ஃபைல கையால டிலீட் பண்ணாதீங்க, மத்த லாக் எதயாவது அழிச்சு கொஞ்சம் இடம் பண்ணி சர்வர எழுப்பிட்டு, உள்ள போய் பர்ஜ் பைனரி லாக்ஸ் கமாண்ட் குடுத்து எடுங்க. ரெப்ளிகா (அதே டேட்டாவோட பிரதி ஓடற இன்னொரு சர்வர்) வச்சிருந்தீங்கன்னா அது எது வரைக்கும் படிச்சிருக்குன்னு பாத்துட்டு பண்ணுங்க.

சர்வர் ஓடுது, ஆனாலும் வெளிலேந்து ரெஃப்யூஸ் ஆகுதுன்னா எஸ்எஸ் கமாண்டோட எல், டி, என், பி நாலையும் சேத்து போட்டு 3306க்கு நேரா என்ன அட்ரஸ் இருக்குன்னு பாருங்க. 127.0.0.1ன்னு இருந்தா சர்வர் உள்ளேந்து வர்றவங்கள மட்டும்தான் கேக்குது. உபுண்டுல இன்ஸ்டால் பண்ண உடனே அப்படித்தான் இருக்கும், கான்ஃபிக்ல பைண்ட் அட்ரஸ்னு ஒரு வரி இருக்கும். அத 0.0.0.0ன்னு மாத்துங்கன்னு எல்லா இடத்துலயும் சொல்லுவாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, சர்வரோட பிரைவேட் ஐபி இருந்தா அத மட்டும் குடுங்க. 3306 போர்ட்ட உலகத்துக்கே தொறந்து வச்சா அத தேடிட்டு சுத்தற ஸ்கேனருங்க சீக்கிரமே வந்து கதவ தட்ட ஆரம்பிச்சிடும். உங்க லேப்டாப்லேந்து பாக்க மட்டும்தான் வேணும்னா எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்கு லாகின் பண்ற வழியாவே போற பாதுகாப்பான குழாய்) போடுங்க, லேப்டாப்ல 3307 போர்ட்ட சர்வரோட 127.0.0.1 3306க்கு கட்டிவிட்டா போதும், எதையும் தொறக்க வேணாம். டனல் போட்டு கனெக்ட் பண்ணும்போது ஹோஸ்ட் 127.0.0.1னு குடுங்க, லோக்கல்ஹோஸ்ட்னு குடுத்தா முன்னாடி சொன்ன அதே சாக்கெட் கதைதான், டனல் பக்கமே போகாம உங்க லேப்டாப்ல இருக்கற மைஎஸ்க்யூஎல்ல போய் தேடும்.

டைம்அவுட் ஆகுதுன்னா நடுவுல எங்கயோ பாக்கெட்ட விழுங்கறாங்க. அது பெரும்பாலும் ஃபயர்வால். பிங் போட்டு பாத்துட்டு பிங் வரல சர்வரே டவுன்னு முடிவு பண்ணாதீங்க, பல எடத்துல பிங்க மட்டும் அடைச்சு வச்சிருப்பாங்க. பிங் வருதுன்னாலும் 3306 தொறந்திருக்குன்னு அர்த்தம் இல்ல. நெட்கேட் இருந்தா இசட், வி ஆப்ஷனோட ஹோஸ்ட், 3306 குடுத்து பாருங்க, விண்டோஸ்ல பவர்ஷெல்லுல டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் இருக்கு, ஒண்ணும் இல்லன்னா டெல்நெட் போதும். டெல்நெட்ல 3306க்கு போனா குப்ப எழுத்துக்கு நடுவுல வெர்ஷன் நம்பர் தெரியும், ஏன்னா மைஎஸ்க்யூஎல்ல சர்வர்தான் மொதல்ல பேசும். அது தெரிஞ்சுதுன்னா நெட்வொர்க் சரி, இனிமே ஃபயர்வால நோண்ட வேணாம். இந்த டெஸ்ட்ட உங்க லேப்டாப்ல இல்ல, ஆப் ஓடற மெஷின்ல போய் பண்ணணும், இத சொல்லியே ஆகணும், ஏன்னா என் லேப்டாப்லேந்து வருதேன்னு சொல்லி ஒரு நாள் பூரா ஓட்டினவங்கள பாத்திருக்கேன்.

யாரு விழுங்கறாங்கன்னு தெரியலன்னா டிசிபிடம்ப் (மெஷினுக்கு வர்ற போற பாக்கெட்ட காட்டற கமாண்ட்) தான் சரியான ஆயுதம். டேட்டாபேஸ் மெஷின்ல போர்ட் 3306ன்னு போட்டு டிசிபிடம்ப்ப ஓடவிட்டுட்டு, ஆப் மெஷின்லேந்து கனெக்ட் பண்ணுங்க. ஒரு வரி கூட வரலன்னா பாக்கெட் மெஷின் வரைக்கும் வரவே இல்ல, கிளவுட்ல செக்யூரிட்டி குரூப் (கிளவுடோட ஃபயர்வால் ரூல்), ரூட்டிங், ஆபீஸ் ஃபயர்வால் பக்கம் பாருங்க. சின் பாக்கெட் (கனெக்ட் பண்ண கேக்கற மொத பாக்கெட்) மட்டும் திரும்ப திரும்ப வருது, பதில் போகலன்னா அந்த மெஷின்லயே யுஎஃப்டபிள்யூவோ ஐபிடேபிள்ஸோ (லினக்ஸோட ஃபயர்வால்) அடைக்குது. ரெண்டு டீம் நடுவுல உங்க பக்கம்தான், எங்க பக்கம் இல்லன்னு நாள் கணக்கா போற சண்டைய இந்த ஒரு கமாண்ட் அஞ்சு நிமிஷத்துல முடிச்சு வச்சிடும். செக்யூரிட்டி குரூப் இருக்கற கிளவுட்ல ரூல் இல்லன்னா பாக்கெட் சத்தமில்லாம போயிடும், ரெஃப்யூஸ்னு வராது, அதனால டைம்அவுட் வந்தா அத மொதல்ல பாருங்க.

ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் வகையில இன்னொண்ணு இருக்கு. டெர்மினல்லேந்து கனெக்ட் ஆகும், அதே மெஷின்ல வெப்சைட்லேந்து மட்டும் ஆகாது, 13ன்னு பர்மிஷன் எர்ரர் வரும். எஸ்இலினக்ஸ்ங்கற பாதுகாப்பு அமைப்பு வெப் சர்வர வெளில போக விடல. நெட்ல தேடினா எஸ்இலினக்ஸ ஆஃப் பண்ணுங்கன்னு வரும், வேணாம், வெப் சர்வர் டேட்டாபேஸுக்கு மட்டும் போகலாம்னு தனியா ஒரு பூலியன் (ஆன் ஆஃப் சுவிட்ச்) இருக்கு, எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் டிபின்னு, அத செட்எஸ்இபூல் கமாண்டால பெரிய பி ஆப்ஷனோட 1 ஆக்குங்க போதும்.

இப்ப டாக்கர், அதாவது ஒவ்வொரு புரோகிராமையும் கன்டெய்னர்ங்கற தனி பெட்டிக்குள்ள ஓட்டற முறை. இங்க வர்ற பாதி கனெக்‌ஷன் பிரச்சனைக்கு காரணம் கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னர்தாங்கறத மறந்துடறது. ஆப் ஒரு கன்டெய்னர், டேட்டாபேஸ் ஒரு கன்டெய்னர்னா ஆப்ல ஹோஸ்ட் பேரா காம்போஸ் ஃபைல்ல (எந்தெந்த கன்டெய்னர் ஓடணும்னு எழுதற ஃபைல்) குடுத்த சர்வீஸ் பேர குடுக்கணும். போர்ட்டும் அப்படித்தான், வெளில 3307க்கு மேப் பண்ணிருந்தாலும் கன்டெய்னருக்கு நடுவுல 3306தான். அடுத்தது, காம்போஸ் ஃபைல்ல ரூட் பாஸ்வேர்ட மாத்திட்டு எத்தன தடவ அப் பண்ணாலும் பழைய பாஸ்வேர்ட்தான் வேல செய்யும், ஏன்னா அந்த வேரியபிள டேட்டா ஃபோல்டர் காலியா இருக்கற மொத தடவ மட்டும்தான் பாக்கும், அப்புறம் வால்யூம்ல (டேட்டா தங்கற இடம்) ஏற்கனவே இருக்கறதுதான். பாஸ்வேர்ட உள்ள போய் மாத்துங்க, வால்யூம அழிச்சா டேட்டாவும் போயிடும். காம்போஸ் ஃபைல்ல டிபென்ட்ஸ் ஆன் (டேட்டாபேஸுக்கு அப்புறம் ஆப்ப எழுப்புன்னு சொல்ற வரி) போட்டும் மொதல்ல ரெஃப்யூஸ் ஆகி அப்புறம் சரியாகுதுன்னா, அது கன்டெய்னர் ஸ்டார்ட் ஆச்சான்னு மட்டும்தான் பாக்குது, மைஎஸ்க்யூஎல் ரெடியான்னு பாக்கல, ஹெல்த்செக் எழுதி அது ஹெல்த்தின்னு வர்ற வரைக்கும் காத்திருக்க சொல்லணும். இன்னொண்ணு, டாக்கர் பப்ளிஷ் பண்ற போர்ட்ட யுஎஃப்டபிள்யூ தடுக்காது, டாக்கர் நேரா ஐபிடேபிள்ஸ்ல எழுதிடும். யுஎஃப்டபிள்யூல 3306 அடைச்சுட்டேன்னு நிம்மதியா இருக்கறவங்க ஒரு தடவ வெளிலேந்து நெட்கேட் போட்டு பாருங்க.

1045, 1130 ரெண்டுல எது வந்தாலும் சந்தோஷப்படுங்க, நெட்வொர்க் வேல முடிஞ்சுது, சர்வர் உங்ககிட்ட பேசிடுச்சு. மைஎஸ்க்யூஎல்ல யூசர்ங்கறது வெறும் பேரு இல்ல, பேரும் எங்கேந்து வர்றாங்கங்கறதும் சேந்ததுதான் ஒரு ஆளு. லோக்கல்ஹோஸ்ட்லேந்து வர்ற ரவியும் 10.0.0.5லேந்து வர்ற ரவியும் அதுக்கு வேற வேற ஆளுங்க, பாஸ்வேர்டும் வேற வேறயா இருக்கலாம். 1130 வந்தா அந்த ஐபிலேந்து யாரையுமே விடறதா எழுதல. 1045 வந்தா எர்ரர்லயே பேரும் ஹோஸ்ட்டும் இருக்கும், அந்த ஹோஸ்ட் சர்வர் கண்ணுக்கு எப்படி தெரியுதோ அது, நீங்க நெனச்ச ஐபியா இல்லாம நடுவுல இருக்கற கேட்வேயோட ஐபியாவோ டாக்கரோட 172ல ஆரம்பிக்கற ஐபியாவோ இருக்கும். சர்வர் உள்ள போய் மைஎஸ்க்யூஎல் டாட் யூசர் டேபிள்ல யூசர், ஹோஸ்ட் ரெண்டையும் எடுத்து பாத்து அதோட ஒப்பிட்டு பாருங்க. பொருந்தலன்னா கிரியேட் யூசர், கிரான்ட் (அனுமதி குடுக்கற கமாண்ட்) போட்டு சேருங்க, ஹோஸ்ட்டுக்கு வெறும் பர்சன்டேஜ் குடுக்காம 10.0.0.% மாதிரி உங்க நெட்வொர்க்குக்கு மட்டும் குடுங்க. ஒவ்வொரு கிரான்ட்டுக்கு அப்புறமும் ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் அடிக்கறது பழக்கமா போச்சு, டேபிள்ல நேரா கைய வச்சாதான் அது தேவ, கிரான்ட் போட்டா தேவயில்ல.

அந்த எர்ரர் கடைசியில யூசிங் பாஸ்வேர்ட் யெஸ் இல்ல நோன்னு இருக்கும். நோன்னு இருந்தா பாஸ்வேர்ட் தப்பில்ல, பாஸ்வேர்டே போகல. என்வ் ஃபைல் (பாஸ்வேர்ட் மாதிரி செட்டிங்ஸ் வைக்கற ஃபைல்) லோட் ஆகலயா, பேர் தப்பா, பிஎச்பில லாராவெல்னா கான்ஃபிக் கேஷ் பண்ணி வச்சிருக்கீங்களா, கேஷ கிளியர் பண்ணாம என்வ்ல என்ன மாத்தினாலும் அது பாக்காது. யெஸ்னு இருந்து பாஸ்வேர்டும் சரியா இருந்தா அதுல ஆஷ் (#), அட் (@) மாதிரி குறி இருக்கான்னு பாருங்க. என்வ் ஃபைல்ல கொட்டேஷன் போடாம ஆஷ் வந்தா அதுக்கு பின்னாடி இருக்கறது கமென்ட்னு வெட்டி போட வாய்ப்பிருக்கு. யுஆர்எல்லா கனெக்‌ஷன் குடுத்தா அட் குறிய %40ன்னும் ஆஷ %23ன்னும் எழுதணும். உபுண்டுல ரூட் யூசர் பாஸ்வேர்டே கேக்காது, சூடோ போட்டு வந்தாதான் விடும், ஆப்புக்கு ரூட் குடுக்காதீங்க, தனி யூசர் போடுங்க.

2059 வந்து கேஷிங் ஷா2 பத்தி சொன்னா உங்க கிளையன்ட் லைப்ரரி பழசு. 2018ல வந்த 8.0ல டீஃபால்ட் பாஸ்வேர்ட் முறைய மாத்திட்டாங்க. யூசர பழைய நேட்டிவ் முறைக்கு மாத்துங்கன்னு நெறைய பதில் கெடைக்கும், அது இனி ஓடாது, 8.4ல அது டீஃபால்ட்டா ஆஃப், 9.0ல தூக்கியே போட்டுட்டாங்க, லைப்ரரிய அப்டேட் பண்ணுங்க.

1040, டூ மெனி கனெக்‌ஷன்ஸ், இதுக்கு மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கணக்கு போடுங்க. டீஃபால்ட் 151. உங்ககிட்ட 4 ஆப் சர்வர், ஒவ்வொண்ணுலயும் 8 பிராசஸ், ஒவ்வொண்ணுக்கும் பூல் (தொறந்தே வச்சிருந்து மாத்தி மாத்தி பயன்படுத்தற இணைப்புங்க) சைஸ் 10ன்னா 320, டிராஃபிக் ஏறின மொத நாளே அடிவாங்கும். பூல கொறச்சாலே பல சமயம் சரியாயிடும். ஷோ பிராசஸ்லிஸ்ட் போட்டு யாரு பிடிச்சு வச்சிருக்காங்கன்னு பாருங்க, வரிசையா ஸ்லீப்னு இருந்தா கோடுல எங்கயோ கனெக்‌ஷன தொறந்துட்டு மூடாம விட்டிருக்கீங்க. 151 ரொம்பினாலும் அட்மினுக்குன்னு ஒரு எடம் தனியா வச்சிருக்கும், அதனாலதான் ஆப்புக்கு ரூட் குடுக்காதீங்கன்னு சொன்னேன், குடுத்தா அந்த எடத்தையும் ஆப்பே பிடிச்சுக்கும், நீங்க வெளில நிக்கணும்.

காலைல மொத ரிக்வெஸ்ட் மட்டும் 2006, சர்வர் கான் அவேன்னு விழுந்து அடுத்தது ஓடுதுன்னா ராத்திரி பூரா சும்மா இருந்த கனெக்‌ஷன சர்வர் மூடிடுச்சு, வெயிட் டைம்அவுட் 28800 செகண்ட், அதாவது 8 மணி நேரம். நடுவுல கேட்வே இருந்தா இன்னும் சீக்கிரம், அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸோட நாட் கேட்வே 350 செகண்ட் சும்மா இருந்தாலே மறந்துடும். பூல்ல ஒரு கனெக்‌ஷன் எவ்ளோ நேரம் வாழலாம்ங்கறத இதவிட கம்மியா வைங்க.

போஸ்ட்கிரெஸ்னா போர்ட் 5432, பைண்ட் அட்ரஸ்க்கு பதிலா லிசன் அட்ரஸஸ், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் டீஃபால்ட் 100. யாரு எங்கேந்து வரலாம்ங்கறது பிஜி எச்பிஏ ஃபைல்ல வரிசையா இருக்கும், மேலேந்து படிச்சு மொதல்ல பொருந்தற வரியோட நிறுத்திடும், அதனால நீங்க கீழ சேத்த வரிய மேல இருக்கற வரி மறைக்குதான்னு பாருங்க. அந்த ஃபைல மாத்தினா ரீலோட் போதும், லிசன் அட்ரஸஸ மாத்தினா ரீஸ்டார்ட் பண்ணணும். பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டுன்னா லினக்ஸ் யூசர் பேரும் டேட்டாபேஸ் யூசர் பேரும் ஒண்ணா இல்ல.

இவ்ளோ பாத்தும் பிடிபடலன்னா யார்கிட்டயாவது கேளுங்க. கேக்கும்போது கனெக்ட் ஆகலங்கன்னு மட்டும் சொல்லாம, எர்ரர அப்படியே முழுசா, அடைப்புக்குறிக்குள்ள இருக்கற நம்பரோட காப்பி பண்ணி, எந்த மெஷின்லேந்து எந்த மெஷினுக்கு போறீங்க, எர்ரர் உடனே வந்துச்சா தொங்கி வந்துச்சா, ஆப் மெஷின்லேந்து நெட்கேட் என்ன சொல்லுச்சு, டேட்டாபேஸ் மெஷின்ல எஸ்எஸ் கமாண்ட் என்ன காட்டுச்சு, கடைசியா எப்ப ஓடிட்டு இருந்துச்சு, அப்புறம் எத மாத்தினீங்க, இத்தனையும் சேத்து அனுப்புங்க. பாஸ்வேர்ட மட்டும் அழிச்சுட்டு அனுப்புங்க.